ரப்பர் மரத்தின் வரவு செலவு

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களில் மார்கழி பிறந்ததும் ரப்பர்த் தோட்டங்கள் இலையுதிர்க்கத் தொடங்குகின்றன. மாசியில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் பால் குறையும்; விவசாயியின் வங்கிக் கணக்கில் வரவும் குறையும். வீட்டுச் செலவும் கடன் தவணையும் காத்திருப்பதில்லை. எனவே, கிடைக்கும் பாலையேனும் எடுப்போம் என்று பலர் கத்தியைக் கீழே வைக்கத் தயங்குகின்றனர். அது இலாபமா, நட்டமா? மரம் எவ்வாறு சம்பாதிக்கிறது என்பதை அறிந்தால் விடை தானே தெளிவாகும்.

வரவு

மரத்திற்கு வருமானம் தரும் உறுப்பு இலை. இலையின் உயிரணுக்களில் உள்ள பசுங்கணிகங்களில் பச்சையம் என்னும் நிறமி இருக்கிறது. அது சூரிய ஒளியின் சிவப்பு, நீலக் கதிர்களை மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. அந்த ஆற்றலால், வேர் அனுப்பிய நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. இது முதற்கட்டம். இரண்டாம் கட்டத்தில், இலைத்துளைகள் வழியே நுழைந்த கரியமில வாயு சர்க்கரையாக மாற்றப்படுகிறது. இந்த இரண்டாம் கட்டத்தின் படிகளைக் கண்டறிந்தமைக்காக மெல்வின் கால்வின் 1961ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மொத்தத்தில், 6 மூலக்கூறு கரியமில வாயுவும் 6 மூலக்கூறு நீரும் சேர்ந்து 1 மூலக்கூறு குளுக்கோசும் 6 மூலக்கூறு ஆக்சிஜனும் கிடைக்கின்றன. இதுவே ஒளிச்சேர்க்கை.

செலவும் சேமிப்பும்

இச்சர்க்கரை பட்டையின் உட்பகுதி வழியாகக் கீழே இறங்குகிறது. ஒரு பகுதி சுவாசத்திற்குச் செலவாகிறது. ஒரு பகுதி தண்டையும் வேரையும் வளர்க்கிறது. ஒரு பகுதி மாவுச்சத்தாகச் சேமிக்கப்படுகிறது. பட்டையில் உள்ள பால்குழாய்களை அடையும் பகுதியே ரப்பராக மாறுகிறது. கோப்பையில் விழும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆக, நாம் விற்கும் ஒவ்வொரு ஷீட்டும் ஒரு காலத்தில் காற்றில் இருந்த கரியமில வாயுவே.

அதிகாலையில் பால் வெட்டுவதற்கும் இலையே காரணம். வெயில் ஏறியதும் இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. பால்குழாய்களின் உள்ளழுத்தம் தளர்ந்து, பால் ஓட்டம் குறைகிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இலையற்ற மரத்திற்கு வரவு இல்லை. இளந்தளிரும் உடனே சம்பாதிப்பதில்லை. தான் வளரும்வரை மரத்தின் சேமிப்பையே உண்கிறது. அந்நாட்களில் பால் எடுப்பது, வட்டியைத் தாண்டி முதலிலேயே கை வைப்பதாகும். ஓய்வின்றி வெட்டப்படும் மரங்களில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் நோய் மிகுதி. வெட்டுக்கு வர ஏறத்தாழ 7 ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த மரம் அது.

செய்ய வேண்டியவை

தளிர்கள் பச்சை நிறமடைந்து முதிரும்வரை வெட்டை நிறுத்துங்கள். தளிர்களைச் சாம்பல் நோய் தாக்காதிருக்கக் கந்தகத்தூள் தூவுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே செம்புக் கலவை மருந்து தெளித்தால், மழைக்கால இலையுதிர்வு நோயைத் தவிர்க்கலாம். இலையைக் காப்பதே வருமானத்தைக் காப்பது.

ஓய்வுக்காலத் தவணைக்கு என்ன வழி? அக்டோபர் முதல் டிசம்பர் வரை பால் மிகுந்து கிடைக்கும். அம்மாத வரவில் ஒரு பங்கைத் தனியே சேமித்து வைத்தால், மாசியில் கத்தியை நிம்மதியாகக் கீழே வைக்கலாம். இலை நிறைந்திருக்கும்போது சேமித்து, இலையற்ற நாட்களைக் கடப்பது மரத்தின் வழக்கம். நாமும் அதனைப் பின்பற்றலாம்.