குறிஞ்சி: பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

நம் குழந்தைகள் தமிழ் வகுப்பில் ஐந்திணை படிக்கும்போது, குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு செடியின் பெயர் என்பதையும், அந்தச் செடி இன்றும் நம் மலைகளில் இருக்கிறது என்பதையும் பெரியவர்களாகிய நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. "பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் செடி" என்று சொல்வது நம் வழக்கம். கேட்பவர், ஒரே செடி தன் 12ஆம் வயதிலும் 24ஆம் வயதிலும் 36ஆம் வயதிலும் திரும்பத் திரும்பப் பூக்கும் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் குறிஞ்சிச் செடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கிறது. பூத்து, காய்த்து, விதை உதிர்ந்ததும் பட்டுப்போகிறது. இந்தச் செடியைக் காப்பாற்றும் வழி என்ன என்பது இதைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும்.

எங்கே வளர்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு வலப்பக்கம், வடக்கே, நீலகிரியைச் சேர்ந்த மலைகள். இடப்பக்கம், தெற்கே, ஆனைமலைத் தொடர். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. இந்தத் தாழ்ந்த, வெப்பமான நிலத்தில் குறிஞ்சி வளராது. அதற்குக் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைச்சரிவு வேண்டும். ஆகவே கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும், தெற்கே ஆனைமலை, இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகள், அவற்றை ஒட்டித் தமிழ்நாட்டிலுள்ள பழனி மலை ஆகிய இடங்களிலும் அதைக் காண்கிறோம்.

இந்த உயரத்தில் மலை மடிப்புகளில் சோலைக்காடும், திறந்த சரிவுகளில் புல்வெளியும் இருக்கும். மார்கழி, தை மாத இரவுகளில் உறைபனி விழும். புல்வெளிச் சரிவுதான் குறிஞ்சியின் வீடு. வரையாட்டின் வீடும் அதுவே.

செடியின் அடையாளம்

தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. நாம் நன்கு அறிந்த ஆடாதோடையும் கனகாம்பரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி ஒரு குறுஞ்செடி. காற்று வீசும் சரிவில் ஒன்று அல்லது இரண்டு அடி உயரம் இருக்கும். நல்ல இடம் கிடைத்தால் ஆள் உயரத்துக்கும் வளரும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூ சிறிய மணி போன்றது. நிறம் நீலமும் ஊதாவும் கலந்தது. தேனீக்கள் இதை நாடி வந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. காய் முற்றி உலர்ந்ததும் வெடித்து விதையைத் தெறிக்கிறது. ஊரில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல; அதுவும் இந்தக் குடும்பத்துச் செடிதான்.

ஒரு தலைமுறையின் கணக்கு

இதே மலைப் புல்வெளிகளில் நீலகிரி லில்லி என்ற வெண்ணிறப் பூ உண்டு. அது பல்லாண்டுப் பூண்டு. மேலே தண்டு வாடினாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். பருவம் வந்ததும் மறுபடியும் முளைத்துப் பூக்கும். குறிஞ்சிக்கு அத்தகைய கிழங்கு இல்லை. அது பதினோரு ஆண்டுகள் இலையும் தண்டுமாக வளர்ந்து, சேர்த்ததையெல்லாம் ஒரே பருவத்தில் பூவிலும் விதையிலும் செலவழித்துவிடுகிறது. பிறகு மழையில் விதை முளைத்து, அடுத்த தலைமுறை தொடங்குகிறது. 2018இல் இரவிகுளம் சரிவுகளில் பூத்த செடிகள் 2006இல் பூத்தவற்றின் பிள்ளைகள்; 1994இல் பூத்தவற்றின் பேரப்பிள்ளைகள்.

எல்லாம் சேர்ந்து பூப்பது எதற்காக? ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதை விழுந்தால் பூச்சியும் பறவையும் எலியும் அதைத் தின்று தீர்த்துவிடும். பல ஆண்டுகள் ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரே சமயத்தில் மலையளவு விதையைக் கொட்டினால், தின்பவை எல்லாம் வயிறு நிறையத் தின்றும் மிச்சம் இருக்கும். மூங்கில் நெடுங்காலம் காத்திருந்து பூப்பதற்கு டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1976இல் இந்த விளக்கத்தைத்தான் முன்வைத்தார். மகாராஷ்டிரத்தில் குறிஞ்சியின் உறவான கார்வி என்ற செடி 8 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிறது. அமெரிக்காவில் 13 ஆண்டு, 17 ஆண்டு மண்ணுக்குள் இருந்து கூட்டமாக வெளிவரும் சில்வண்டுகள் உண்டு. வழி ஒன்றே.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஒரு சரிவில் உள்ள செடிகள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. நடுவில், ஐந்தாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ, அந்தச் சரிவு தீப்பிடித்தாலும் உழப்பட்டாலும் அங்கே மாற்றுக்கு மூத்த செடி இல்லை. விதை கொடுக்க ஆள் இல்லை. இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கி வைப்பதுபோல் இங்கே கையிருப்பு ஒன்றும் கிடையாது.

ஆபத்து எப்போது?

பூக்கும் ஆண்டில் பல்லாயிரம் பேர் மூணாறுக்கு வருகிறார்கள்; காவலும் கண்காணிப்பும் இருக்கும். மற்ற பதினோரு ஆண்டுகளில் அதே சரிவு வெறும் பச்சைப் புதராகத் தெரிகிறது. பயனற்ற நிலம் என்று நினைத்துவிடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தேயிலையும், பின்னர் யூகலிப்டஸ், வாட்டில் மரங்களும் இப்படித்தான் புல்வெளிகளை எடுத்துக்கொண்டன. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் குறிஞ்சி, அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது.

காப்பு முயற்சிகளும் நடந்துள்ளன. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2006இல் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதியில் சுமார் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் குறிஞ்சி இடம்பெற்றது. பூவைப் பறிப்பது சின்னத் தவறு என்று எண்ண வேண்டாம். பறித்த பூவில் விதை பிடிக்காது. அந்தச் செடிக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

குழந்தைகளுக்கு ஒரு கணக்கு

மலையில் வாழும் பளியர்கள் தங்கள் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வதுண்டு. நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். பெரும் பூப்பு 1838 முதல் 12 ஆண்டுக்கு ஒரு முறை என்று பதிவாகியுள்ளது. 2018 வரை 16 முறை. (சில சரிவுகளில் ஆண்டு மாறிப் பூப்பதும் உண்டு.) 1965இல் பிறந்தவர் வாழ்நாளில் 1970, 1982, 1994, 2006, 2018 என ஐந்து குறிஞ்சி வந்துள்ளது. தாத்தா பாட்டிக்கு எத்தனை, அப்பா அம்மாவுக்கு எத்தனை, தனக்கு எத்தனை என்று எழுதட்டும்.

அடுத்த பூப்பு 2030இல். அதற்கு முன்பே விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும் குடும்பங்கள் மூணாறோ கொடைக்கானலோ சென்றால், பூ இல்லையே என்று திரும்பிவிட வேண்டாம். வழிகாட்டியிடம் கேட்டு, பூக்காத குறிஞ்சிச் செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2030இல் பூக்கப்போவது அந்தச் செடிதான்.