கெடு இல்லாத காவல்

தாண்டிக்குடி

அன்புள்ள பேத்திக்கு,

காப்பிப் பழம் பறிக்க ஆள் தேடி அலைந்ததில் உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அனுமதியின்றி ஒரு தேசத்துக்குள் நுழைந்தவன் அதன் பலனை அனுபவிக்கத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்னும் கருத்தில் உச்ச நீதிமன்றம் கேட்டதையும் துணைக்கு அழைத்திருக்கிறாய். திருச்சியில் சட்டம் படிக்கிறவள் இதைக் கேட்காவிட்டால்தான் எனக்கு வியப்பு.

உன் வாதத்தின் முற்பகுதியை நான் மறுக்கவில்லை. அந்நியரை வெளியேற்றச் சர்க்காருக்குள்ள அதிகாரம் வரம்பற்றது என்று 1955-இலேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு சேரவும் இல்லை. போலிப் பாஸ்போர்ட் செய்தவனும், ஏழைகளிடம் பணம் வாங்கி ஆஸ்திரேலியாவுக்குப் படகேற்றிய தரகனும் தம் செய்கைக்கு விடை சொல்லியே தீரவேண்டும். துன்பப்பட்டு வந்தவன் என்பதற்காக ஒருவனுக்குப் பொறுப்பே இல்லை என்பது அவனைச் சிறு பிள்ளையாகப் பாவிப்பதாகும், அதுவும் ஒருவித அவமதிப்பே. ஆயினும் அந்தப் பொறுப்புக்குச் சட்டமே அளவு குறித்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், முறையான ஆவணமின்றி நுழைந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி, உன் கல்லூரி இருக்கும் ஊரிலேயே உள்ள சிறப்பு முகாமைப் பார். இலங்கைத் தமிழர் குடும்பத்தோடு வாழும் மறுவாழ்வு முகாம்கள் வேறு; மத்திய சிறை வளாகத்திலுள்ள இது வேறு. ஜாமீன் பெற்றவரும், தண்டனை முடிந்தவரும், சிறை வாசலைத் தாண்டியதும் வீட்டுக்குப் போகாமல் இங்கே கொண்டுவரப்படுவது வழக்கம். நீதிமன்றம் விதித்த தண்டனையாக அன்றி, குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும் என்னும் சர்க்கார் உத்தரவின் பேரிலேயே அவர்கள் இங்கிருக்கிறார்கள். நாள்படி பெற்றுத் தாமே சமைத்துக்கொள்கிறார்கள். ஏட்டின்படி கைதிகள் அல்லர். ஆனால் வாசலில் காவல் நிற்கிறது, வெளியேறும் நாள் எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. கொலைக் குற்றவாளிகூடத் தன் தண்டனைக் காலத்தை எண்ணிக் கழிக்கலாம். இங்கிருப்பவனுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1990-களில் இலங்கைப் போராளிகளைக் குறித்த அச்சம் மெய்யானது. 1995-இல் வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியோடியதும் மெய். ஆனால் இலங்கையின் யுத்தம் 2009-இல் ஓய்ந்தது. அச்சம் நீங்கிய பிறகும் அதற்கென வந்த வழக்கம் ஓயவில்லை.

நீ சொன்ன வழக்கையே எடுத்துக்கொள். அம்மனுதாரரின் தண்டனையை உயர் நீதிமன்றம் 7 ஆண்டாகக் குறைத்து, அது முடிந்ததும் நாட்டைவிட்டுப் போகுமாறு 2022-இல் பணித்தது. திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவர் அஞ்சினார். அவரை அனுப்பும் நடவடிக்கையும் தொடங்கவில்லை. ஏறத்தாழ 3 ஆண்டுகள் காவலிலேயே கழிந்தன என்பது முறையீடு. சத்திரத்தில் இடமில்லை என்று வழிப்போக்கனை அனுப்பிவிடுவது ஒன்று. இடமில்லை என்று சொல்லிக்கொண்டே அவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது முற்றிலும் வேறொன்று. பூட்டியவன் எவனோ, அவன் தலையில் அன்று முதல் பூட்டப்பட்டவனுடைய சோறும் நோயும் நாளும் பொறுப்பாக ஏறுகின்றன.

இதற்கு நேர்மாறானது சாந்தன் கதை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றிருந்த அவர், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த பின், திருச்சி முகாமுக்கு அனுப்பப்பட்டார். போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இலங்கையிலுள்ள முதிய தாயைக் காண அனுப்புங்கள் என்றுதான் வேண்டினார். அனுமதி கைக்கு எட்டிய தறுவாயில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை மருத்துவமனையில் ஈரல் நோயால் இறந்தார். அவர் குற்றத்தைப் பற்றி உனக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், அந்தக் கடைசிப் பதினைந்து மாதங்கள் எந்தக் குற்றத்துக்கான சிட்சை என்று உன் ஆசிரியர்களைக் கேட்டுப் பார்.

நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. காவலுக்கு ஒரு கெடு. கெடு முடியுமுன் ஒரு நீதிபதியின் பரிசீலனை. அனுப்ப இயலாதவனைக் கையெழுத்திடும் நிபந்தனையோடு வெளியே தங்கவிடுதல். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு பிரஜை அல்லாதவருக்கும் உரியது என்பதை 1996-இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே நிலைநாட்டியிருக்கிறது.

இது நடவாத காரியமும் அன்று. 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கியவர்களும் ஆவணமின்றி வந்தவர்களே. அவர்களை மண்டபம் மறுவாழ்வு முகாமில் தங்கவைத்தார்கள். 2025-இல் மத்திய சர்க்கார் அளித்த தண்டனை விலக்கோ, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு மட்டுமே பொருந்தும். பிந்தி வந்த இந்தக் குடும்பங்களைச் சட்டம் இனி எவ்வாறு நடத்துவது நியாயம் என்பதைப் பற்றி, என் அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட்டு, நீயாக எழுதி அடுத்த கடிதத்தில் அனுப்பு.

ஆசிகளுடன்,
தாத்தா