அப்பத்தா அதிரசமும் வியன்னா கேக்கும்

கேள்வி: எங்கள் அப்பத்தாவிடம் பேத்திகள் எல்லோருமே அதிரசம் சுடக் கற்றுக்கொண்டோம். இப்போது சித்தப்பா மகள் தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து விற்கிறாள். பெட்டியில் 'நானே கண்டுபிடித்த பக்குவம்' என்று அச்சடித்திருக்கிறாள். கேட்டால் சண்டை வருகிறது. குடும்பப் பக்குவம் ஒன்றுக்காக எங்காவது வழக்கு நடந்ததுண்டா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், ஒரு சாக்லேட் கேக்குக்காக ஒன்பது ஆண்டுகள் நடந்தது.

அந்தக் கேக்கின் பெயர் சாக்கர் டோர்ட்டே. 1832-இல் மெட்டர்னிக் என்ற பிரபுவின் சமையலறையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஃபிரான்ஸ் சாக்கர் என்ற 16 வயதுப் பையன், தலைமைச் சமையற்காரர் உடம்பு முடியாமல் படுத்த நாளில் விருந்தாளிகளுக்காக இதைச் செய்தான் என்று சொல்லிவருகிறார்கள். ஃபிரான்ஸின் மகன் எடுவார்ட், டெமெல் என்ற பேர்பெற்ற மிட்டாய்க் கடையில் தொழில் பழகினார். கேக் இன்றைய வடிவத்துக்கு வந்தது அங்கேதான். பிறகு 1876-இல் அவர் சொந்தமாக ஓட்டல் சாக்கரைத் தொடங்கினார்.

1934-இல் அந்த ஓட்டல் நொடித்துப்போனது. எடுவார்டின் மகன் (அவர் பெயரும் எடுவார்ட்தான்) கேக்கை விற்கும் உரிமையை டெமெலுக்குக் கொடுத்தார். ஓட்டலின் புது முதலாளிகளோ 'அசல்' என்று போட்டு அதே கேக்கை விற்றார்கள். 1954-இல் வழக்கு வந்தது. ஆப்ரிகாட் ஜாமைக் கேக்கின் நடுவிலும் தடவ வேண்டுமா, சாக்லேட் பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதுவரை வாதாடினார்கள். 1963-இல் சமரசம் ஆனது. 'அசல்' என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் வட்ட முத்திரையும் ஓட்டலுக்கு. எடுவார்ட் சாக்கரின் பெயரும் முக்கோண முத்திரையும் டெமெலுக்கு. இரண்டு கடைகளும் இன்றும் விற்கின்றன.

கவனியுங்கள், கேக் செய்வதை எவரும் நிறுத்தவில்லை. பெட்டியில் என்ன போடலாம் என்பதுதான் தீர்ந்தது. நம் சட்டத்திலும் மாவு இவ்வளவு, வெல்லம் இவ்வளவு என்ற வெறும் அளவுப் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. பெயரை இருவர் பங்குபோட்டுக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல: ரசகுல்லாவுக்கு 2017-இல் மேற்கு வங்கமும் 2019-இல் ஒடிசாவும் தனித்தனியே புவிசார் குறியீடு வாங்கியிருக்கின்றன.

ஆகவே தங்கை விற்பதைத் தடுக்காதீர்கள். பாகு பதம் பார்த்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று வேர்ப்பது அவள்தான். அந்தப் பணம் அவளுக்கே உரியது. ஆனால் 'நானே கண்டுபிடித்தது' என்பது பொய். அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெண்ணின் பெயரை அது அழித்துவிடுகிறது. அதை நீங்கள் விடக் கூடாது. அடுத்த தீபாவளிக்குப் பெட்டி அச்சுக்குப் போகும் முன்பே, நாலு பேர் நடுவில் இல்லாமல், அவள் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். பங்கு கேட்காதீர்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அப்பத்தாவின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.