நான்கு ஸ்லாட், இரண்டு கார்டு

கேள்வி: நான் திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். இரண்டு மாதம் முன்பு பழைய ரோலண்ட் எக்ஸ்பி-80 ஒன்று வாங்கினேன். எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் நான்கும் காலி. விற்றவரிடம் செஷன், ஆர்க்கெஸ்ட்ரல், ஆசியா, டெக்னோ என்று நான்கு கார்டுகள் இருக்கின்றன. என் பணத்துக்கு இரண்டுதான் கட்டும். எவற்றை எடுக்கலாம்? கார்டு போட்டால் பாலிஃபனி கூடுமா? நண்பர் ஒருவர், “இதெல்லாம் பழசு, எஸ்ஆர்எக்ஸ் கார்டைத் தேடு” என்கிறார். அது சரியா?

பதில்: முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடலாம். எஸ்ஆர்எக்ஸ் நல்ல கார்டுதான், ஆனால் உங்கள் எக்ஸ்பி-80க்குள் அது நுழையாது. கனெக்டரே வேறு. 1996-ல் வந்த உங்கள் கருவிக்கு உரியது எஸ்ஆர்-ஜேவி80 வரிசை. 1992-ல் ஜேவி-80 கீபோர்டோடு தொடங்கிய வரிசை அது. ஜேவி-1080, ஜேவி-2080, எக்ஸ்பி-50, எக்ஸ்பி-60 எல்லாம் இதே கார்டைத்தான் எடுக்கும். எஸ்ஆர்எக்ஸ் அதற்குப் பிறகு எக்ஸ்வி, ஃபேன்டம் கருவிகளுக்காக வந்தது. இரண்டு வகையும் போட வேண்டுமென்றால் எக்ஸ்வி-3080, எக்ஸ்வி-5080, எக்ஸ்வி-88 போன்ற இடைக்காலக் கருவிதான் வேண்டும். இதில் இன்னொரு குழியும் உண்டு: ஃபேன்டம்-ஜி என்ற மாடல் எஸ்ஆர்எக்ஸை ஏற்காது, அதற்கென்று ஏஆர்எக்ஸ் என்று தனிக் கார்டு. பெயரை மட்டும் பார்த்துக் கார்டு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பாலிஃபனி கூடாது. எஸ்ஆர்-ஜேவி80 கார்டு கொண்டுவருவது மளிகைச் சாமான் மாதிரி. சமைப்பது உங்கள் எக்ஸ்பி-80தான். ஒவ்வொரு கார்டிலும் 8 மெகாபைட் அளவுக்குச் சுருக்கப்பட்ட ஒலி அலைகள், அவற்றை வைத்துச் செய்த பேட்ச்கள், அவ்வளவுதான். நான்கு கார்டு போட்டாலும் ஒரே நேரத்தில் ஒலிப்பது அதே 64 குரல்கள்தான். யமஹாவின் பிஎல்ஜி போர்டுகள் வேறு சாதி. அவை ஒலியை உருவாக்கும் சில்லையே சேர்த்துக் கொண்டுவரும், தங்களுக்கென்று பாலிஃபனியும் வைத்திருக்கும். பிஎல்ஜி150-டிஎக்ஸ் போர்டில் 16 சுரம், பிஎல்ஜி150-விஎல் போர்டில் ஒரே ஒரு சுரம். “கார்டு போட்டால் பாலிஃபனி ஏறும்” என்ற பேச்சு அங்கிருந்து ரோலண்ட் பக்கம் ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

சொல்லப்போனால் கார்டு போட்ட பிறகு பாலிஃபனி குறைந்தது போலத் தோன்றலாம். நம் ஊர் மேடையில் ‘டோன்’ என்றால் பியானோ, வயலின் என்று முழுச் சத்தம். ரோலண்டின் அகராதியில் அதற்குப் பெயர் பேட்ச். டோன் என்பது அதன் நான்கில் ஓர் அடுக்கு. நான்கு டோனும் ஒலிக்கும் பேட்ச்சில் ஒரு சுரத்துக்கு நான்கு குரல் செலவு. 64-ஐ நான்கால் வகுத்தால் 16 சுரம். இரண்டு கையிலும் சுரக்கூட்டு (chord) பிடித்து சஸ்டெயின் பெடலையும் அழுத்தினால் அது தீர்ந்துபோகும், முன்னால் வாசித்த சுரம் அறுந்து விழும். கார்டில் வரும் பேட்ச்களில் பல ஆளை அசத்தவென்றே இப்படி அடுக்கியவை. வாங்கியபின் எடிட்டில் போய்த் தேவையில்லாத டோனை அணைத்துவிட்டு யூசர் பேங்கில் சேமித்துக்கொள்ளுங்கள்.

எஃபெக்ட் விஷயம் இதைவிட முக்கியம். எக்ஸ்பி-80ல் இஎஃப்எக்ஸ் என்ற மல்டி எஃபெக்ட் ஒன்றுதான். பேட்ச்சைத் தனியாக வாசிக்கும்போது அது முழுவதும் அந்தப் பேட்ச்சுக்கே கிடைக்கும், காது குளிரும். பெர்ஃபார்மன்ஸில் நான்கைந்து பேட்ச்களைக் கோத்தால் அந்த ஒரு எஃபெக்டைத்தான் எல்லாரும் பங்குபோட வேண்டும். கடையில் சொக்கவைத்த சத்தம் கச்சேரியில் சப்பென்று ஆவது இதனால்தான். ஜேவி-2080 காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதில் மூன்று இஎஃப்எக்ஸ் உண்டு. ஆகவே கார்டைச் சோதிக்கும்போது இஎஃப்எக்ஸை அணைத்துவிட்டு, ரிவெர்பும் இல்லாமல் கேளுங்கள். அப்போது காதில் விழுவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு.

இனி உங்கள் நான்கு கார்டுகள்.

என் ஓட்டு முதலில் 09 எண் கொண்ட செஷனுக்கு. பியானோ, கிட்டார், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், டிரம்ஸ் என்று அன்றாடம் புழங்குவதெல்லாம் அதில் இருக்கிறது, ஒன்றும் பகட்டு இல்லை. ரோலண்டே பின்னாளில் எக்ஸ்பி-30, ஜேவி-1010 இரண்டுக்குள்ளும் இதை உள்ளேயே வைத்து விற்றது என்றால் பாருங்களேன்.

இரண்டாவது, 02 ஆர்க்கெஸ்ட்ரல். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளை எடுத்தால் இடையிசையில் வயலின் கூட்டம் ஒரு பக்கம், புல்லாங்குழலோ ஓபோவோ இன்னொரு பக்கம் என்று ஓடும். எக்ஸ்பி-80ன் உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங்ஸ் பின்னணிக்கு விரிக்கத் தோதானது. தனித்து ஓடும் அந்த வரிகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரல் கார்டு கைகொடுக்கும். குழுவில் பியானோவுக்கென்று இன்னொருவர் இருந்தால் இதையே முதலாவதாக எடுங்கள்.

ஆசியா கார்டு (எண் 14) மீது உங்களுக்கு ஆசை இருக்கும் என்று ஊகிக்கிறேன். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த 8 மெகாபைட்டுக்குள் கமெலான், சீன வாத்தியங்கள், ஜப்பானிய வாத்தியங்கள் எல்லாம் இடம் கேட்கின்றன. இந்தியாவின் பங்கு என்றால் சிதார், தபேலா போன்றவைதான். வீணையும் நாதஸ்வரமும் நம் காதுக்கு ஏற்றபடி கிடைக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். நம் வாத்தியத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது, எந்தக் கார்டும் அதைக் கொண்டுவராது. அது உங்கள் இடது கைப் பெண்டரில்தான் வரவேண்டும். எக்ஸ்பி-80ல் பெண்ட் எல்லையைப் பேட்ச் வாரியாக வைக்கலாம், மேலே 12 அரைசுரம், கீழே 48 வரை. கமகத்துக்கு 2 போதும், அதற்கு மேல் வைத்தால் கை தடுமாறும். உள்ளே இருக்கும் சத்தங்களிலேயே இதை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். ஆசியா கார்டின் தேவை பாதி குறைந்துவிடும்.

டெக்னோ வேண்டாம். மலிவாகக் கிடைத்தது என்று நான் ஒருமுறை வாங்கி, ஆறு மாதத்தில் இரண்டு பேட்ச்கூடத் தொடவில்லை.

வெறும் ஸ்டூடியோ வேலைக்கு என்றால் கார்டே வேண்டாம் என்பேன். 2012-ல் வந்த இன்டெக்ரா-7ல் எஸ்ஆர்எக்ஸ் கார்டுகள் பன்னிரண்டும் உள்ளேயே இருக்கின்றன, ஒரு நேரத்தில் நான்கை ஏற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளாகவும் ரோலண்ட் அவற்றை விற்கிறது. கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டர் தடுமாறும்போது லேப்டாப்பை நம்புவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அதனால் உங்களுக்குக் கார்டையே சொல்கிறேன்.

கார்டை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் மிடியில் அதன் முகவரி மாறாது. பேங்க் செலக்ட் 84-ஐ அடுத்து செஷனுக்கு 16, ஆர்க்கெஸ்ட்ரலுக்கு 2. சீக்வென்ஸ் செய்து வைத்த பாட்டுகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கார்டின் அலையை வைத்துச் செய்த யூசர் பேட்ச், கார்டைக் கழற்றிய மறுநிமிடம் ஊமையாகிவிடும். நண்பருக்குக் கார்டை இரவல் கொடுத்ததை மறந்து நான் மேடையேறிய கதை உண்டு. பல்லவி போகும்வரை என் வலது கை சத்தமே இல்லாமல் வாசித்தது.

பணம் கொடுக்கும் முன் விற்பவர் முன்னிலையிலேயே போட்டுப் பாருங்கள். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, மெத்தையின் மேல் கீபோர்டைக் கவிழ்த்து, கையை ஒரு உலோகத்தில் தொட்டுவிட்டுக் கார்டின் ஓரத்தைப் பிடியுங்கள். கனெக்டரில் பச்சை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கருவியைத் திறக்கப்போகும் அதே நாளில் மெக்கானிக்கிடம் உள்ளிருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தீர்ந்தால் யூசர் பேட்ச் எல்லாம் போய்விடும். பேட்டரியை எடுப்பதற்கு முன்னால் பேட்ச்களை ஒன்றுக்கு இரண்டு ஃபிளாப்பியில் சேமித்துவிடுங்கள்.