காற்பந்துத் திடலும் பெண்ணுரிமையும்

சென்னை மாநகர்க்கு மேற்கே, ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் பருத்திப்பட்டு என்னும் ஊர் அமைந்துள்ளது. பரந்த ஏரியும் அதனை நாடி வரும் பறவைகளும் அவ்வூர்க்கு அழகு சேர்ப்பன. அதனை அடுத்த ஆவடியில், 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரசு மாநாடு கூடியது. சமதர்ம முறையில் இந்நாட்டுச் சமுதாயம் அமைதல் வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் எழுதப்படுவது; சமத்துவமோ வாழ்வில் காணப்படுவது. ஒரு நாட்டில் அது நிலவுகின்றதா என்பதை வீட்டிலும் தொழிற்சாலையிலும் காண்பது போலவே விளையாட்டுத் திடலிலும் காணலாம்.

பந்து தமிழ்ப் பெண்களுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில், மகளிர் பந்தாடிப் பாடும் கந்துக வரி இடம் பெற்றுள்ளது. ஆயின், இல்லத்து முற்றத்தில் தோழியரோடு ஆடுவது வேறு. ஊரார் காணப் பொதுத்திடலில் நாட்டின் பெயரால் ஆடுவது வேறு. பின்னதைப் பல நாடுகள் தடுத்தன. "பெண்கள் பந்தாடுவதில் அரசியல் யாது?" என்று வினவுவோர்க்கு அத்தடைகளின் வரலாறே விடை கூறும்.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டு ஆடவர் பலர் போர்க்களம் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற தொழிற்சாலைப் பணிகளைப் பெண்கள் ஏற்றனர். பிரஸ்டன் நகரில் டிக் கெர் தொழிற்சாலையில் போர்க்கருவிகள் செய்த பெண்கள், 1917-ஆம் ஆண்டில் காற்பந்து அணி ஒன்றை அமைத்தனர். ஆட்டத்தால் திரண்ட பொருளைப் புண்பட்ட வீரர்களின் மருத்துவத்திற்கு வழங்கினர். 1920-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பெண்கள் அணி கடல் கடந்து வந்து அவர்களோடு ஆடியது. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் டிக் கெர் அணியின் ஆட்டத்தைக் காணத் திரண்டோர் 53,000 பேர்.

மறு ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், தன்னைச் சார்ந்த கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடலாகாது என்று ஆணையிட்டது. இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது அது கூறிய காரணம். போர்க்கருவி செய்தற்குப் பொருந்திய உடல், பந்தாடுதற்குப் பொருந்தாமற் போயிற்றோ? போர் முடிந்தது, ஆடவர் மீண்டனர், பெண்கள் பெற்றிருந்த இடமும் சுருங்கலாயிற்று. 1928-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்கள் ஆடவர்க்கு நிகரான வாக்குரிமை பெற்றனர். ஆயினும், திடலின் கதவு திறக்க அவர்கள் 1970-களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இது இங்கிலாந்தோடு நின்றதன்று. பிரேசில் நாட்டில் 1941-ஆம் ஆண்டு முதல் 1979 வரை அரசின் ஆணையே பெண்களைத் தடுத்தது. ஆவடி மாநாடு கூடிய அதே 1955-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் காற்பந்துச் சங்கமும் தடை விதித்தது. 1970-இல்தான் அதனை நீக்கியது. ஆடவர்க்கு உலகக் கோப்பைப் போட்டி 1930-இல் தொடங்கியது. பெண்களுக்கோ, 1991-இல் சீன நாட்டில்தான் அது முதன்முதலாக நடைபெற்றது.

பெற்ற உரிமை மீண்டும் பறிபோவதும் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் 2007-ஆம் ஆண்டில் பெண்கள் அணி தோன்றியது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றியதும், அவ்வணியினர் உயிர்க்கு அஞ்சி நாடு துறந்தனர். பலர் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தனர். அங்கும் அவர்கள் பந்தைக் கைவிட்டாரல்லர். 2025-ஆம் ஆண்டில் ஏதிலியரான ஆப்கானியப் பெண்களின் அணி மொராக்கோவில் பிற நாட்டு அணிகளோடு ஆடியது. தாய்நாட்டில் பெண்கள் ஆட இயலாத நிலையில், தாம் இன்னும் இருக்கின்றோம் என்பதை அவர்கள் உலகிற்கு உணர்த்தினர்.

இந்திய மகளிர் 1983-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் தாய்லாந்திடம் தோற்று இரண்டாமிடம் பெற்றனர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள், அதே தாய்லாந்தை அதன் சியாங் மாய் நகரில் 2-1 என்னும் கணக்கில் வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். தமிழ்நாட்டு மகளிரோ, 2018-ஆம் ஆண்டில் கட்டாக்கு நகரில், பன்முறை வாகை சூடிய மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றனர். அவ்வணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், காவல் உதவி ஆய்வாளரும் ஆவார். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அவர் சென்னையில் காவற்பணி புரிந்தார். நாட்டின் பெயரால் பந்தாடிய ஒருவரே அரசின் பெயரால் மக்களைக் காக்கவும் நின்றார். பொதுத்திடலில் இடம் பெற்ற பெண், பொதுவாழ்விலும் இடம் பெறுவாள் என்பதற்கு அவர் சான்றாவார்.

வெற்றிக் கோப்பை ஒன்றினால் மட்டும் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடாது. வென்ற நாளில் மாலையிட்டு, மறுநாள் மகளை வீட்டிற்குள் நிறுத்தும் சமுதாயம் சமத்துவம் எய்தியதாகாது. பருத்திப்பட்டிலோ வேறெந்தச் சிற்றூரிலோ, மாலை வேளையில் ஒரு சிறுமி அச்சமின்றித் திடலுக்குச் சென்று ஆடி, ஏளனச் சொல் கேளாமல் வீடு திரும்ப வேண்டும். அந்நாளே, அன்று ஆவடியில் எழுதப்பெற்ற தீர்மானம் அவள் அளவில் நிறைவேறிய நாளாகும்.