பெட்டி ஏன் தானாக விமானம் மாறுவதில்லை?

மாணவர்களே, இப்படி ஒரு பயணத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்கிலிருந்து லண்டனுக்குப் போக வேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒரே பயணச்சீட்டு எடுத்தால் விலை கூடுதல். அதனால் கோலாலம்பூர் வரை ஒரு மலிவுக் கட்டண விமானத்திலும், அங்கிருந்து லண்டனுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்கிறீர்கள். நடுவே நான்கு மணி நேரம் இருக்கிறது. போதாதா என்ன?

கோலாலம்பூரில் இறங்கியதும் உங்கள் பெட்டி சுழல் பட்டையில் வந்து சேர்கிறது. அதை இழுத்துக்கொண்டு, இரண்டாம் முனையத்திலிருந்து முதலாம் முனையத்துக்கு இரயில் ஏறுகிறீர்கள். இரயில் பயணம் சுமார் 3 நிமிடம்தான். ஆனால் அதன் பிறகு முகப்பில் வரிசை, பெட்டியை மறுபடி ஒப்படைத்தல், குடிநுழைவு, மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. பாட்டி கொடுத்தனுப்பிய 250 மில்லிலிட்டர் காயா போத்தல் உங்கள் முதுகுப்பையில் இருக்கிறது. பினாங்கில் அதை யாரும் தடுக்கவில்லை. இங்கே எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறார்கள். “காலையில்தானே சோதித்தார்கள்?” என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்வி. இதற்கான பதிலில் பாதி இயற்பியல், பாதி வரலாறு. வரலாற்றை முதலில் பார்ப்போம். அது தெரியாவிட்டால் இந்த விதிகள் எல்லாம் வீண் தொல்லையாகவே தோன்றும்.

1985 ஜூன் 22. கனடாவின் வான்கூவர் விமான நிலையம். ஒரு பயணி முகப்புக்கு வந்தார். டொரோன்டோ வரை செல்ல அவருக்கு உறுதியான இருக்கை இருந்தது. அங்கிருந்து ஏர் இந்தியாவில் செல்லவோ காத்திருப்புப் பட்டியலில் மட்டுமே பெயர் இருந்தது. ஆனாலும் பெட்டியை நேரே இந்தியா வரை அனுப்பும்படி வற்புறுத்தினார். உறுதியாகாத பயணத்துக்குப் பெட்டியை அனுப்ப முடியாது என்று பணியாளர் முதலில் மறுத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தார். பெட்டி விமானம் ஏறியது. அந்த ஆள் ஏறவே இல்லை.

டொரோன்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் ஊடுகதிர் இயந்திரம் அன்று பழுதாகிப்போனது. மீதிப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் ஒரு கருவியால் சோதித்து அனுப்பினார்கள். மறுநாள், ‘கனிஷ்கா’ என்று பெயரிடப்பட்ட அந்த ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக்கு அருகே சுமார் 31,000 அடி உயரத்தில் வெடித்துச் சிதறியது. 329 பேரும் இறந்தார்கள். அவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள், கோடை விடுமுறைக்கு உறவினரைப் பார்க்கப் புறப்பட்டவர்கள். அதே நாளில், வான்கூவரிலிருந்து போன இன்னொரு பெட்டி ஜப்பானின் நரித்தா விமான நிலையத்தில் வெடித்தது. அதை வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தப் பெட்டியைக் கொடுத்தவரும் விமானத்தில் இல்லை.

இதில் வெடிமருந்தைவிட நாம் கவனிக்க வேண்டியது ‘மாற்றம்’ என்ற சொல்லை. ஒரு நிறுவனம் வாங்கிய பெட்டியை இன்னொரு நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றது. பெட்டிக்குரியவர் எங்கே என்று இரு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை. 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே வெடித்து 270 பேரைப் பலிகொண்ட பான் அம் விமானத்திலும், ஆளில்லாத பெட்டி ஒன்று விமானம் விட்டு விமானம் மாறி வந்தது என்றே நீதிமன்றம் முடிவு செய்தது.

ஆகவேதான் இன்றைய விதி: பயணி விமானத்தில் இல்லையென்றால் அவருடைய பெட்டியும் இருக்கக்கூடாது. “ஒரு பயணி வரவில்லை, அவருடைய பெட்டியை இறக்குகிறோம், தாமதத்துக்கு மன்னிக்கவும்” என்ற அறிவிப்பை நீங்கள் கேட்டிருக்கலாம். அடுத்த முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையைச் செய்வது, உங்கள் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டப்படும் பட்டைக் குறியீடுதான். அதன் அருகே 10 இலக்க எண் ஒன்று இருக்கும். இரண்டாவது இலக்கம் தொடங்கி மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. கடைசி ஆறு இலக்கங்கள் பெட்டியின் வரிசை எண். ஒரே பயணச்சீட்டில் போகும்போது இந்த எண்ணும் உங்கள் பெயரும் அடுத்த விமானத்தின் கணினிக்கு முன்கூட்டியே போய்ச் சேர்கின்றன. தனித்தனியாகப் பதிவு செய்தால் நிலைமை வேறு. பினாங்கிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பதே லண்டன் விமானத்தின் கணினிக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கிய ஒரு புதுப் பயணி. புதுப் பயணிக்குச் சோதனையும் புதிதாகத்தான் தொடங்கும். (சில நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு வைத்துக்கொண்டு, இரண்டு பயணச்சீட்டுகளைக் காட்டினாலும் பெட்டியைக் கடைசி வரை அனுப்புவதுண்டு. முகப்பில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மலிவுக் கட்டண நிறுவனங்களிடம் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும்.)

சரி, காயா போத்தலுக்கு வருவோம்.

2006 ஆகஸ்ட் 10 அன்று ஒரு சதித்திட்டத்தை முறியடித்ததாகப் பிரிட்டிஷ் காவல்துறை அறிவித்தது. லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குச் செல்லும் பல விமானங்களைத் தகர்க்க, குளிர்பான போத்தல்களில் திரவ வெடிபொருளை எடுத்துச்செல்வதே அந்தத் திட்டம். அதன் பிறகு வந்ததுதான் 100 மில்லிலிட்டர் விதி. திரவம், களிம்பு, தெளிப்பான் எதுவானாலும் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத கலனில் இருக்க வேண்டும். எல்லாக் கலன்களும் 1 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். 2007-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் இதைப் பின்பற்றத் தொடங்கின. பார்க்கப்படுவது கலனின் அளவே தவிர உள்ளே மிச்சமிருக்கும் அளவு அல்ல. 150 மில்லிலிட்டர் பற்பசைக் குழாயில் பாதி தீர்ந்திருந்தாலும் அது செல்லாது. காயா, சம்பல், ஊறுகாய், கடலை வெண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் திரவங்களே. நம் நாட்டில் இந்த விதி அனைத்துலகப் பயணங்களுக்கு உரியது. அதனால்தான் உள்நாட்டுப் பயணத்தில் தப்பிய போத்தல் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டது.

இயந்திரத்தால் காயாவையும் வெடிபொருளையும் பிரித்தறிய முடியாதா? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

ஊடுகதிர் ஒரு பொருளின் வழியே செல்லும்போது அதன் ஒரு பகுதி உட்கவரப்படுகிறது. ஆற்றல் குறைந்த கதிர்களை ஒரு பொருள் எவ்வளவு உட்கவரும் என்பது, அதிலுள்ள அணுக்களின் அணு எண்ணைப் பெரிதும் சார்ந்தது. உங்கள் பாடநூலில் ‘நொம்போர் புரோட்டோன்’ என்று வருமே, அதுதான். ஒரே நிறையுள்ள பொருள்களை ஒப்பிட்டால், இந்த உட்கவர்தல் தோராயமாக அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. நீரின் சராசரி அணு எண் சுமார் 7.4 என்று கொள்ளலாம். இரும்புக்கு 26. 26-ஐ 7.4-ஆல் வகுத்து மும்மடியாக்குங்கள்: ஏறத்தாழ 43. கிராமுக்குக் கிராம் இரும்பு 40 மடங்குக்கு மேல் உட்கவர்கிறது. ஆற்றல் கூடிய கதிர்களிடம் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே ஒரே பையைக் குறைந்த ஆற்றலிலும் கூடிய ஆற்றலிலும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டால் உள்ளே இருப்பது எந்த வகைப் பொருள் என்று கணிக்கலாம். கணினி அதை வண்ணமாகக் காட்டும். எஃகு போன்ற உலோகம் நீலம், அலுமினியம் போன்ற இடைநிலைப் பொருள்கள் பச்சை, கரிமப் பொருள்கள் ஆரஞ்சு.

கத்தியும் துப்பாக்கியும் நீலத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். திரவங்களில்தான் சிக்கல். வெடிபொருள்களில் பெரும்பாலானவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனவை. அணு எண்கள் 6, 1, 7, 8. நீர், ஷாம்பு, காயா, சாக்லேட் ஆகியவையும் இதே தனிமங்களால் ஆனவைதான். எல்லாமே திரையில் ஆரஞ்சு. அடர்த்தியைக் கொண்டு பிரிக்கலாமே என்றால், பழைய இயந்திரம் தருவது வெறும் நிழற்படம். போத்தலின் மேல் மடிக்கணினி, அதன் மேல் புத்தகம் என்று எல்லா நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எது எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் அடர்த்தியைக் கணக்கிட முடியாது. மடிக்கணினியைத் தனித்தட்டில் வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கான விடை மருத்துவமனையிலிருந்து வந்தது. உடலைச் சுற்றிப் பல கோணங்களில் ஊடுகதிர்ப் படம் எடுத்து, அவற்றைக் கணினியில் சேர்த்து உள்ளமைப்பைத் துண்டு துண்டாகக் காட்டும் ‘சி.டி. ஸ்கேன்’ முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-இல், லண்டனில். அதை உருவாக்கிய காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தை வகுத்த ஆலன் கோர்மேக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். இதே முறையைப் பைகளுக்குப் பயன்படுத்தினால் நிழல்கள் பிரிந்துவிடும். போத்தலுக்குள் இருக்கும் திரவத்தின் அடர்த்தியைத் தனியே அளக்கலாம்.

அப்படியானால் 100 மில்லிலிட்டர் விதி ஒழிந்ததா? எல்லா இடத்திலும் இல்லை. லண்டன் சிட்டி விமான நிலையம் இந்த இயந்திரங்களை வைத்து, 2023-இல் 2 லிட்டர் வரை அனுமதித்தது. 2024 ஜூனில் பிரிட்டிஷ் அரசின் உத்தரவால் அங்கே 100 மில்லிலிட்டர் விதி மீண்டும் வந்தது. பிறகு சில நிலையங்களில் மறுபடியும் தளர்ந்தது. ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் உள்ள இயந்திரத்துக்கும் தன் நாட்டு விதிக்கும் ஏற்பவே நடக்கும். நீங்கள் புறப்பட்ட ஊரின் தாராளத்தை நம்பி எடுத்துச்செல்லும் பெரிய போத்தல், நீங்கள் மாறும் ஊரில் பறிபோகலாம். சிங்கப்பூர் சாங்கியின் 1, 2, 3-ஆம் முனையங்களில் சோதனை விமானத்துக்கான நுழைவாயில் அருகிலேயே நடக்கும். அங்கே நிலையத்தை விட்டு வெளியே வராதவருக்கும் இது பொருந்தும்.

சுங்கவரி இல்லாக் கடையில் வாங்கும் திரவங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஒளிபுகும், சிவப்பு ஓரமிட்ட பையில் இரசீதோடு போட்டு மூடிக்கொடுப்பார்கள். திறந்தால் ஒட்டிய இடத்தில் அடையாளம் தெரிந்துவிடும். பயணம் முடியும்வரை பிரிக்காமல் இருந்தால்தான் அடுத்த நிலையத்தில் ஏற்பார்கள். ஆனால் நடுவில் பெட்டியை எடுக்க வெளியே வந்து திரும்ப நுழைந்தால், எல்லா நிலையங்களும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. தனித்தனிப் பயணச்சீட்டில் ஒரு நன்மை உண்டு: பெட்டி உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அதை மறுபடி ஒப்படைக்கும் முன் வாசனைத் திரவியத்தையும் காயாவையும் துணிக்குள் சுற்றி அதில் வைத்துவிடுங்கள்.

கையடக்க மின்சேமிப்பிக்கு இது நேர் எதிர். பவர் பேங்க் என்றால் எல்லாருக்கும் புரியும். அது பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் விமான அறையில் உடனே கவனிக்கலாம், சரக்கறையில் முடியாது. வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 20 × 3.7 = 74 வாட்-மணி, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111. அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இதிலும் இரண்டாவது விமானம் இடறலாம். சீனாவில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் ‘3சி’ தர முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் கொண்டுசெல்ல முடியாது. கோலாலம்பூரில் தடையின்றி ஏறியது குவாங்சோவில் உள்நாட்டு விமானம் மாறும்போது நின்றுவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். சென்னையில் மாறி வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தாலும், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் வெளியே வர இந்திய விசா தேவை. அடுத்து, அனைத்துலகப் பயணங்களுக்குப் பெரும்பாலான முகப்புகள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், தனியாகப் பதிவு செய்தவருக்கு இரண்டாவது நிறுவனம் மாற்று இருக்கை தரக் கடமைப்பட்டதல்ல. அந்த நான்கு மணி நேரத்தை இப்போது மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். பெட்டிக்கு, இரயிலுக்கு, வரிசைக்கு, முகப்பு மூடும் நேரத்துக்கு எனக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது?

பினாங்கு முகப்பில் பெட்டியை ஒப்படைத்ததும், கைப்பிடியில் ஒட்டிய பட்டையைப் பணியாளர் தள்ளிவிடும் முன் ஒரு கணம் படியுங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். ‘எல் எச் ஆர்’ என்றால் பெட்டி லண்டன் ஹீத்ரோ வரை தானாகப் போகும். ‘கே யூ எல்’ என்றால் கோலாலம்பூரில் சுழல் பட்டை அருகே நீங்கள் நிற்க வேண்டும்.