டிவிடி பிளேயரை நாமே மாட்டுவோம்!



கூட்டமைப்பு அலுவலகப் பீரோவைத் திறந்து பாருங்கள். பயிற்சிக்கு வாங்கிய டிஸ்குகள் உறையோடு தூங்கிக் கொண்டிருக்கும். மண்புழு உரம், கறவை மாடு வளர்ப்பு, ரத்தசோகை, பழைய ஆண்டு விழா என்று எத்தனையோ! டிவி இருக்கிறது, டிவிடி பிளேயர் இருக்கிறது, ஸ்பீக்கர் செட்டும் இருக்கிறது. ஆனால் பயிற்சி நாளில் என்ன நடக்கிறது? "வயர் மாட்டுற தம்பி வரட்டும்க்கா" என்று காத்துக் கிடக்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் வாசலைப் பார்க்கிறார்கள். கடைசியில் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று கலைந்து போகிறோம்.

"இப்பதான் எல்லாம் செல்போன்ல வருதே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 30 பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார முடியுமா? பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்குக் கேட்குமா?

கையெழுத்துப் போடக் கற்றோம். ரொக்கப் புத்தகம் எழுதக் கற்றோம். மூன்று நிற வயர் நமக்கு ஒரு கஷ்டமா?

ஒரே ஒரு விதி

நம் கணக்கில் ஒருவர் கொடுத்தால் அவருக்குச் செலவு, வாங்கியவருக்கு வரவு. இங்கேயும் அதேதான். டிவிடி பிளேயர் படத்தையும் சத்தத்தையும் வெளியே கொடுக்கிறது. அந்தத் துளை 'அவுட்'. டிவியும் ஸ்பீக்கர் செட்டும் வாங்கிக் கொள்கின்றன. அந்தத் துளை 'இன்'. அவுட்டில் கிளம்பும் வயர் இன்னில் போய்ச் சேர வேண்டும். இரண்டு முனையும் அவுட்டில் இருந்தால் ஒன்றும் வராது.

ஆங்கிலம் படிக்கத் தெரியாதா? கவலை வேண்டாம். முட்டை போன்ற வட்ட எழுத்தில் தொடங்கும் சொல் அவுட். குச்சி போன்ற நேர்கோட்டில் தொடங்கும் சின்னச் சொல் இன்.

நிறமும் நமக்கு வழி சொல்லும். மஞ்சள் என்றால் படம். வெள்ளை இடது பக்கச் சத்தம். சிவப்பு வலது பக்கச் சத்தம்.

மாட்டும் முறை

1. முதலில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விடுங்கள்.

2. மஞ்சள் வயரின் ஒரு முனையை டிவிடி பிளேயரின் மஞ்சள் அவுட்டிலும், மறு முனையை டிவியின் மஞ்சள் இன்னிலும் அழுத்திச் செருகுங்கள்.

3. சிவப்பு, வெள்ளை வயர்களை டிவிடி பிளேயரின் ஆடியோ அவுட்டிலிருந்து ஸ்பீக்கர் செட்டின் 'ஆக்ஸ் இன்' துளைகளில் மாட்டுங்கள். ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்திலோ மைக் துளையிலோ மாட்டக் கூடாது. முதலாவதில் மாட்டினால் பிளேயர் கெட்டுப் போகலாம், இரண்டாவதில் மாட்டினால் சத்தம் கரகரக்கும்.

4. ஸ்பீக்கர் செட் இல்லையென்றால் சிவப்பு, வெள்ளையையும் டிவியிலேயே மாட்டலாம். சின்ன டிவியில் வெள்ளைத் துளை மட்டும் இருந்தால், வெள்ளையை மட்டும் மாட்டினாலே பேச்சு கேட்கும்.

5. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். டிவி ரிமோட்டில் 'ஏவி' அல்லது 'சோர்ஸ்' பட்டனை அழுத்துங்கள். ஸ்பீக்கர் செட்டில் 'ஆக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள்.

புதிய தட்டை டிவியாக இருந்து, பிளேயரிலும் 'எச்டிஎம்ஐ' துளை இருந்தால், அந்த ஒரே வயரில் படமும் சத்தமும் டிவிக்குப் போகும். ஸ்பீக்கர் செட்டுக்கு மட்டும் சிவப்பு, வெள்ளையைத் தனியாக மாட்டுங்கள். டிவி சத்தத்தை அடக்கி விடுங்கள்.

தகராறு செய்தால்

திரை நீலமாகவே நிக்குதா? டிவி ஏவியில் இருக்கிறதா, மஞ்சள் வயர் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படம் கறுப்பு வெள்ளையில் வருதா? மஞ்சள் வயர் பக்கத்திலுள்ள பச்சைத் துளைக்குள் போயிருக்கலாம். சரியாக இருந்தால், பிளேயரின் செட்டப்பில் 'பால்' என்று மாற்றிப் பாருங்கள். நம் நாட்டுப் பழைய டிவிகளுக்கு அந்த முறைதான்.

பாட்டு இரையுது, பேச்சு மட்டும் கேட்கலையா? 5.1 முறையில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். நம்மிடம் இரண்டே ஸ்பீக்கர் என்றால், ஆடியோ செட்டப்பில் 'ஸ்டீரியோ' என்று வைத்தால் பேச்சு தெளிவாகும்.

'உர்ர்' என்று இரைச்சலா? ஆடியோ வயரைக் கரண்டு வயரிலிருந்து தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள்.

பெட்டி டிவியின் மூலையில் பச்சை, ஊதாத் திட்டு தெரியுதா? ஸ்பீக்கரின் காந்தம் செய்யும் வேலை அது. ஸ்பீக்கரை மூன்றடி தள்ளி வையுங்கள்.

உயிர் முக்கியம்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள். மூன்று கால் பிளக்கில் எர்த் காலை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வயர் எட்டவில்லை என்று பிய்த்து முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள். பொருளை அருகில் நகர்த்துங்கள். பெட்டி டிவியின் பின்மூடியை யாரும் கழற்றக் கூடாது. கலர் டிவி படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் அல்லது டிஷ் வயரையும் முன்கூட்டியே கழற்றி வையுங்கள்.

டிஸ்கைக் காப்போம்

டிஸ்கை ஓரத்தில் பிடியுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் பாட்டின் போக்கிலேயே விழுந்து, படம் நின்று விடும். நம் சொந்த விழாவை எழுதிய டிஸ்குகள் காலப்போக்கில் கெடக் கூடியவை. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லிப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அன்று பேசிய மூத்த உறுப்பினர் இன்று நம்மோடு இல்லாமல் இருக்கலாம். அவர் முகமும் குரலும் கடையில் விலைக்குக் கிடைக்காது.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்தில் மூன்று வயரையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஊக்குநர் மட்டுமல்ல, ஒவ்வொரு உறுப்பினரும் ஒருமுறை மாட்டிப் பார்க்கட்டும். முதலில் மாட்டியவர் அடுத்தவருக்குச் சொல்லித் தரட்டும். நம் பீரோவில் என்னென்ன டிஸ்குகள் உள்ளன, எந்த மாதம் எதைப் பார்ப்பது என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இனி யாருக்காகவும் பயிற்சி நிற்க வேண்டாம். அவுட்டிலிருந்து இன்னுக்கு, நிறத்துக்கு நிறம். அவ்வளவுதான்!